பெனாயில் வாசத்தை நம்பினேன்

அவசர சிகிச்சைப் பிரிவின் கதவருகே ஒரு தாதி என்னிடம் பொலித்தீன் பையொன்றைத் தந்தார். உள்ளே என் கணவரின் சட்டை. கத்தரியால் வெட்டித்தான் கழற்றியிருந்தார்கள். பையின் வாயை இறுக்கி முடிந்திருந்தும் வாசம் வெளியே வந்தது. பெனாயில்.

அந்த வாசம் எனக்குப் புதிதல்ல. அவரை அந்த இல்லத்தில் சேர்க்கலாம் என்று நான் முடிவெடுத்ததே அதை வைத்துத்தான்.

வீட்டில் நினைவு தேய்ந்த ஒருவரை வைத்துக்கொண்டு, இனி எங்கே விடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்து சில மாதங்கள் ஆகின்றன.

நான் பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் சுகாதாரப் பாடம் கற்பிக்கிறேன். ஒரே மகள் தர்ஷினி. கணவர் ராஜரத்தினம், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்து வாடுவது முதல் தூள் பெட்டிக்குள் போவது வரை அங்கே அவர் சொல்தான். ஒவ்வொரு நாளும் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி தேயிலைச் சாயத்தைச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்புவார். விழுங்க மாட்டார். துப்பிய மறுகணமே எந்த இயந்திரத்தில் என்ன பிழை என்று சொல்லிவிடுவார்.

நோயும் முதலில் அந்த மேசையில்தான் தலைகாட்டியது. ஒரே கோப்பையை மூன்று தடவை சுவைத்துவிட்டு மூன்று விதமாகச் சொன்னாராம். தொழிற்சாலைப் பையன்கள் ஐயா பகிடி பண்ணுகிறார் என்று சிரித்திருக்கிறார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு மாதம் கழித்து, முப்பது வருடம் நடந்த பாதையில், தொழிற்சாலையிலிருந்து குவாட்டர்ஸுக்கு வரத் தெரியாமல் மழையில் நின்றார்.

கிளினிக்கில் டிமென்ஷியா (நினைவும் நிதானமும் படிப்படியாகத் தேயும் மூளை நோய்) என்றார்கள்.

“குறையுமா டொக்டர்?” என்று கேட்டேன்.

“குறையாது டீச்சர். போற வேகத்தைத்தான் கொஞ்சம் புடிச்சு வைக்கலாம்.”

அவர் வேலையை விட்டதும் பதுளைக்கு வந்தோம். இரண்டு வருடம் வீட்டிலேயே பார்த்தேன். ஒருநாள் பின்னேரம் தர்ஷினி மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். தேயிலைத் தூள் மாதிரிகளைத் திருட யாரோ வந்திருப்பதாக நினைத்து அவர் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. பிளாஸ்டர் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “அப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா” என்றாள். அன்றுதான் இல்லம் தேட முடிவு செய்தேன். கணவருக்கும் மகளுக்கும் நடுவே நான் மகளைத் தேர்ந்தேன். அதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. என் கொழுந்தன் ஒரு கலியாண வீட்டில் எல்லோரும் கேட்கச் சொன்னார்: “டீச்சரம்மா மாணவர்கள மட்டுமில்ல, புருஷனையும் போர்டிங்ல போட்டுட்டாங்க.” சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலில் பார்த்த இல்லத்தில் வாசலிலேயே மூத்திர வாடை அடித்தது. திரும்பிவிட்டேன். இரண்டாவது, பதுளைக்கு வெளியே ஒரு மேட்டில் பழைய பங்களா. பதினொரு பேர் இருந்தார்கள். படியேறும்போதே பெனாயில் வாசம். படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். கழிப்பறைத் தரையைப் பார்த்தேன். அங்கிருந்தவர்களின் நகங்களைக்கூடப் பார்த்தேன், வெட்டியிருந்தார்கள். எனக்குத் திருப்தி. அங்கேயே சேர்த்தேன். பெனாயிலை எங்கே வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பில் ‘நஞ்சுப் பொருட்களைப் பாதுகாப்பாக வைத்தல்’ என்ற பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவள் நான்.

மேட்ரன் ஓய்வு பெற்ற தாதி. கறாரானவர். பகலில் என் கணவரைப் பார்த்துக்கொண்டது பார்வதி என்ற பெண். மடுல்சீமையில் முன்பு களைக்கு மருந்தடித்தவர், மூச்சிளைப்பு வந்ததால் மலையேற முடியாமல் இந்த வேலைக்கு வந்திருந்தார். என் கணவரை அவர் ‘டீமேக்கரய்யா’ என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயருக்கு மட்டும் இவர் உடனே திரும்பிப் பார்ப்பார்.

இரண்டாவது மாதம் ஒருநாள் போனபோது நடையில் மூத்திர வாடை. பார்வதியைக் கூப்பிட்டேன்.

“ஒரு நேரம் கழுவுனா பத்தாது பார்வதி. மூணு நேரமும் கழுவணும். ஒரு வாளிக்கு ஒரு கோப்பை ஊத்துங்க.”

“இருக்கிற பெனாயில் அவ்வளவுக்குக் காணாதே டீச்சர்.”

“நான் கொண்டாந்து தாறேன்.”

மறுநாளே பஸாரில் எங்களுக்குப் பழக்கமான கடைக்குப் போனேன். அங்கே கறுப்புப் பெனாயிலைப் பீப்பாயிலிருந்து சில்லறையாக ஊற்றித் தருவார்கள், போத்தலை நாம் கொண்டுபோக வேண்டும். பதுளையில் பாதி வீடுகளில் அப்படித்தான். வீட்டிலிருந்த வெறும் நெல்லி ரசப் போத்தலைக் கழுவி எடுத்துப் போயிருந்தேன். கடைக்கார நானா நிரப்பித் தந்தார். அதைப் பையில் சுற்றிக் கொண்டுபோய்ப் பார்வதியின் கையில் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு பஸ் ஏறினேன்.

பத்து நாள் கழித்து மூன்றாம் பாடவேளையில் தொலைபேசி அடித்தது. மேட்ரன். “டீச்சர், ஐயா பெனாயிலைக் குடிச்சிட்டாரு. அம்புலன்ஸ்ல இருக்கோம். நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். உதடுகள் வெந்து வெளுத்திருந்ததாகத் தாதி சொன்னார். சட்டை இருந்த அந்தப் பையைத் தந்தது அப்போதுதான்.

டொக்டர் வெளியே வந்தார். இளம் பெண். வேகமாகக் கேட்டார்.

“வாந்தி எடுக்க வச்சீங்களா? உப்புத் தண்ணி, பால் ஏதாவது?”

“இல்ல,” என்றார் மேட்ரன். “சமையக்காரி உப்புத் தண்ணியோட ஓடி வந்தா. தட்டி விட்டேன். வாயை மட்டும் கழுவினோம்.”

“நல்லது. எறங்கும்போது சுட்டது, ஏறும்போதும் சுட்டிருக்கும். இது என்ன பெனாயில்? சிலதில தார் எண்ணெய், சிலதில வேற ஏதோ. எனக்குப் போத்தல் வேணும், லேபலோட.”

மகளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு, நானே த்ரீவீலில் இல்லத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்லி ஏசுவது என்று வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன். பார்வதி நடையில் சுவரோரம் குந்தியிருந்தார்.

“உங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்! நெனவில்லாத மனுஷன் கைக்கு எட்டுற எடத்துலயா நஞ்சை வைப்பீங்க? அறிவு வேணாம்? எங்க போத்தல்?”

அவர் எழுந்து போய் எடுத்து வந்தார். நெல்லி ரசப் போத்தல். கழுத்துக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் என் மகளின் குண்டு எழுத்து: ‘அப்பாவுக்கு மட்டும்’.

சீனி குறைத்த ரசம் என்பதற்காக அவள் எப்போதோ ஒட்டியது. கழுவும்போது நான் அதைக் கவனிக்கவேயில்லை.

அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்தேன்.

“எப்படி நடந்துச்சு?” என்று கேட்டேன்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். மூணு நேரமும் கழுவணும்னு நீங்க சொன்னீங்க. மறந்துறக் கூடாதுன்னு காலையிலேயே மூணா அளந்து ஜன்னல் கட்டையில வச்சுருவேன். மருந்தடிக்கிற காலத்துல அப்படித்தான், காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சதும் ஸ்டோர்ல ஆளுக்கொரு பங்கா முன்னாடியே அளந்து வச்சுருப்பாங்க. கூடக் கொறைய வராது.”

“கோப்பையிலயா?”

“ஒரு கோப்பைன்னுதானே சொன்னீங்க.”

ஜன்னலைப் பார்த்தேன். மூன்று வெள்ளைக் கோப்பைகள் இன்னும் அங்கேயே வரிசையாக இருந்தன. தண்ணீர் கலக்காத கறுப்புப் பெனாயில் வெள்ளைக் கோப்பையில் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. கடும் சாயம் போலவே இருந்தது.

“நான் வாளிக்குத் தண்ணி புடிக்கப் போனேன்,” என்றார் பார்வதி. “சர்ருனு ஒரு சத்தம். ஓடி வந்தா, ஐயா சாப்பாட்டு மேசைக் கரண்டியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. துப்பிட்டு என்னைய ஏசுறாரு. ‘ட்ரையர் பொகையுது, ஒருத்தனும் பாக்கலியா’ன்னு. நான் கத்திக்கிட்டே கிட்ட வர்றதுக்குள்ள ரெண்டாவது கோப்பையையும் உறிஞ்சிட்டாரு. ‘இதுவும் பொகை’ங்கிறாரு. மூணாவதுக்குக் கரண்டிய நீட்டும்போதுதான் இருமல் வந்துச்சு டீச்சர். அப்படி ஒரு இருமல நான் பாத்ததில்ல.”

கொழுந்தை உலர்த்தும் ட்ரையரின் அடுப்புப் புகை கலந்த தூளைத் தொழிற்சாலையில் அப்படித்தான் கண்டுபிடிப்பார். ஒருவகையில் அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். தார் எண்ணெய்க்குப் புகை நாற்றம் உண்டு. வேறு எதையெதையோ மறந்த நாக்கு அதை மறக்கவில்லை.

போத்தலில் லேபல் இல்லை. என்ன பெனாயில் என்று பார்வதிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதே த்ரீவீலில் பஸாருக்கு விரட்டச் சொன்னேன். கடையில் நானா யாருக்கோ கயிறு வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கத்தியை அப்படியே போட்டார்.

“அந்தப் பீப்பா முடிஞ்சிருச்சே டீச்சர். பொறுங்க, பின்னால கெடக்கும், யாருக்கும் கொடுக்கல.”

கொல்லையில் மழையில் கிடந்த பீப்பாயை உருட்டிக் கொண்டுவந்து, தன் இடுப்புச் சாரத்தாலேயே சேற்றைத் துடைத்தார். லேபலைத் தொலைபேசியில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். அவள் டொக்டரிடம் காட்டினாள்.

“வீட்டுக்குன்னுதான் நெனச்சு ஊத்தித் தந்தேன்,” என்றார் நானா. “அல்லாஹ் பாத்துக்குவான். ஓடுங்க டீச்சர், இங்க நிக்காதீங்க.”

போத்தலையும் கொண்டுபோய் டொக்டரிடம் கொடுத்தேன். அன்று மாலை அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு நுரையீரல்களின் அடியிலும் பஞ்சு படர்ந்ததுபோல வெள்ளை.

“துப்பினதால வயித்துக்குள்ள அதிகம் போகல. அது நல்லது. ஆனா இவ்வளவு எப்படி நெஞ்சுக்குள்ள போச்சுன்னுதான் எனக்கு விளங்கல. கொஞ்சமாத்தானே எடுத்திருக்காரு?”

கணவரின் தொழிலைச் சொன்னேன். கரண்டியிலிருந்து எப்படி உறிஞ்சுவார் என்று செய்தும் காட்டினேன். டொக்டர் எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார்.

“அப்படி உறிஞ்சினா அது பனிப்புகார் மாதிரி தூவும். மூச்சோட சேர்ந்து நேரா உள்ள இறங்கியிருக்கு.”

கெமிக்கல் நியூமோனைட்டிஸ் (இரசாயனம் நுரையீரலுக்குள் போனதால் வரும் அழற்சி) என்று அட்டையில் எழுதினார். முப்பது வருடக் கைத்திறன் அவருடைய வயிற்றைக் காப்பாற்றி நெஞ்சைக் கெடுத்துவிட்டது.

இரண்டாம் நாள் மூச்சு தாங்காமல் செயற்கைச் சுவாசக் கருவியில் போட்டார்கள். ஐந்து நாள். கருவியை எடுத்த பிறகு டெலிரியம் (உடல் நோயால் திடீரென வரும் மனக்குழப்பம்) வந்தது. ஒக்சிஜன் குழாயைப் பிடுங்கினார். கைகளை மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டு அதிகம் இறுகியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தேன்.

கருவியில் இருந்த நாட்களில் ஒருநாள் மேட்ரன் ஆஸ்பத்திரி நடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அறிக்கை எழுதிட்டேன் டீச்சர். பணியாளர் கவனயீனம்னு போட்டிருக்கேன். பார்வதிய இந்த மாசத்தோட அனுப்பிர்றேன். நீங்க கையெழுத்து வச்சா முடிஞ்சுது.”

பார்வதி பெனாயிலை யார் கொண்டுவந்தது என்று மேட்ரனிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாளைக்கு வைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மேட்ரன் போனதும் தர்ஷினி கேட்டாள்: “அம்மா, அந்தப் போத்தல்ல என் எழுத்துத்தானே இருந்துச்சு?”

“யார் சொன்னது?”

“நீங்க டொக்டர்கிட்ட குடுக்கும்போது பாத்தேன். அப்ப பார்வதியக்காவ மட்டும் ஏன் அனுப்புறாங்க?”

ஒரு பிள்ளையின் தாயாக நான் பயந்த பல விஷயங்கள் உண்டு. அவள் என்னை அப்படிப் பார்ப்பாள் என்று பயந்ததில்லை.

மறுநாள் மேட்ரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நேரம் கழுவச் சொன்னது, கோப்பை என்று அளவு சொன்னது, லேபலில்லாத போத்தல், எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி நீண்ட நேரம் துடைத்தார்.

“அப்ப மூணு பேர எழுதணும்,” என்றார். “உங்க பேரு, அவ பேரு, என் பேரு. பூட்டுப் போட்ட அலுமாரி ஒண்ணு செய்யணும்னு ஆறு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தவ நான். ஆள்கள் வந்தா வாசத்தைத்தான் பாக்குறாங்க, அலுமாரியை யாரு கேக்குறாங்கன்னு விட்டுட்டேன்.”

பழைய அறிக்கையைக் கிழித்தார். பார்வதியின் வேலை போகவில்லை.

நான்காவது வாரம் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். உயிர் திரும்பியது, எல்லாம் திரும்பவில்லை. டிஸ்பேஜியா (விழுங்குவதில் தடங்கல்) இருக்கிறது. தண்ணீர் போல இளகிய எதையும் கொடுக்கக் கூடாது. மா கலந்து கெட்டியாக்கித்தான் எல்லாம். படியேறினால் மூச்சு இளைக்கிறது. நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. தொண்டை ஏன் வலிக்கிறது என்று முதல் வாரங்களில் அடிக்கடி கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக அதிர்ந்து, “யாரு வச்சது அத அங்க?” என்று கேட்டார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அவரை மறுபடி அதே இல்லத்தில் விட்டிருக்கிறேன் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள். தர்ஷினியும் முதலில் அழுதாள். வேறு இடமும் போய்ப் பார்த்தேன். பளபளவென்றிருந்தது. துப்புரவுப் பொருட்கள் எங்கே என்று கேட்டதற்கு, “அதெல்லாம் எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க” என்றார்கள். இங்கே மேட்ரன் சாவியைக் கழுத்தில் போட்டிருக்கிறார். அலுமாரியைத் திறக்கச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் திறக்கிறார். உள்ளே கடைப் போத்தல்கள் மட்டும், லேபல் வெளிப்பக்கம் பார்த்தபடி. அளக்கும் குவளை சிவப்பு, சாப்பாட்டுப் பாத்திரம் எதுவும் அந்த நிறத்தில் இல்லை. வாளியைக் கலக்குகிறவர் கழுவி முடியும்வரை அதை விட்டு நகர்வதில்லை. சில நாட்களில் நடையில் மூத்திர வாடை அடிக்கிறது. அடிக்கட்டும். துடைக்கிறார்கள், போகிறது.

நீங்கள் ஓர் இல்லத்தைப் பார்க்கப் போனால் என்னைப்போல மூக்கை நம்பாதீர்கள். உங்கள் ஆள் என்ன தொழில் செய்தார், அவருடைய கை எதைப் பார்த்தால் தானாக நீளும் என்று அங்கிருப்பவர்களிடம் சொல்லுங்கள். நான் அவருக்கு என்ன மருந்து, என்ன சாப்பாடு, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வெள்ளைக் கோப்பையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நீங்களாக எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். போனால், முழுப் போத்தலாக, பேர் எழுதியதாக, பொறுப்பாளரின் கையில் கொடுங்கள்.

பார்வதி இப்போதும் என்னோடு பேசுகிறார். ஆனால் நான் எதைச் சொன்னாலும், “அப்படியே செய்யவா டீச்சர், இல்ல மேட்ரன்கிட்ட கேக்கவா?” என்கிறார். குத்திக் கேட்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டானாலும் சரிதான். “கேளுங்க” என்கிறேன்.

பாடசாலை விட்டதும் தினமும் போய்ப் பகல் கஞ்சியை நான் ஊட்டுகிறேன். விழுங்கும் பயிற்சி தருகிற பெண் சொல்லிக் கொடுத்தது இது: கரண்டியை எடுத்த பிறகு முகத்தைப் பார்க்கக் கூடாது, தொண்டையைப் பார்க்க வேண்டும். தொண்டை மணி மேலே ஏறி இறங்கினால் போய்விட்டது. ஏறாவிட்டால் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது. சில வாய்க்கு உடனே ஏறும். சில வாய்க்கு ஏறவே ஏறாது. அந்த இடைவெளியில் வெளியே பஸ் போவது, சமையலறையில் சட்டி விழுவது, எதுவும் எனக்குக் கேட்பதில்லை. நாற்பது நிமிடப் பாடவேளைகளால் வெட்டிய என் நாட்களில் அவ்வளவு நீளமான நேரம் வேறு எங்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது நானும் ஒவ்வொரு வாய்க்கும் நின்று பார்க்கிறேன். என் தொண்டைக்கு அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதை ஐம்பத்திரண்டு வருடமாக நான் அறிந்திருக்கவில்லை. தர்ஷினி சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தால், “மெதுவா” என்கிறேன். அவள் கையில் குவளையோடு நிற்கிறாள்.

சில நாட்களில் வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வசனத்தில் நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். மறந்துபோய்விட்டது என்று நினைக்கிறார்களோ என்னவோ. மறக்கவில்லை. எச்சிலை விழுங்கி, அது சரியான வழியில் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வார்த்தையை எடுக்க எனக்குத் துணிவு வருகிறது.